பெயர் மாறினால் போலி இதழ் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கல்வி இணைப்பிதழில் ஆய்வு மாணவர்களுக்கான ஆலோசனைப் பகுதி ஒன்று வந்திருந்தது. காசை வாங்கிக்கொண்டு பரிசீலிக்காமலே கட்டுரை போடுகிற போலி ஆய்விதழ்களிடம் சிக்காமல் இருக்க எட்டு யோசனைகள். நல்ல காரியம்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஐந்தாவது யோசனை, 'பெயர் மாற்றிக்கொண்ட இதழ்களைத் தவிர்க்கவும்' என்கிறது. ஆறாவது யோசனை, 'கட்டுரை எழுதியவரிடமே பணம் கேட்டால் அது போலி' என்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'தப்பு' என்று எழுதி வைத்தேன். அதோடு விட்டிருப்பேன். அதே வாரம் வீட்டிலும் இதே பேச்சு வந்ததால் இந்தக் கடிதம்.

நான் தென்மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து, 2014இல் ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் இதழ்ப் பிரிவுதான். எந்த இதழ் எந்த மாதம் வந்தது, எது தபாலில் தொலைந்தது, எது நின்றுபோனது, எது பெயர் மாறியது என்று கார்டெக்ஸ் அட்டைகளில் பென்சிலால் குறித்துக் குறித்தே என் வயது போனது. மருத்துவம் எனக்குத் தெரியாது. மருத்துவ இதழ்களின் ஜாதகம் ஓரளவு தெரியும்.

என் அண்ணன் மகள் கோவைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதி நேரமாக பிஎச்.டி. செய்கிறாள். பக்கவாதத்துக்குப் பிறகு மூளையில் நடக்கும் மாற்றங்கள் பற்றிய ஆய்வு. ஆய்வேட்டின் வரைவைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தாள். ரெஃபரன்ஸ் பட்டியலில் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனில் கூப்பிட்டாள்.

"அத்தை, ஒரே பத்திரிகைக்கு ரெண்டு பேரு போட்டிருக்கேனாம். ஒண்ணு டூப்ளிகேட்டா இருக்கும், உறுதி செய்யவும்னு எழுதியிருக்காங்க. பேசாம எல்லாத்தையும் புதுப் பேருக்கே மாத்திடட்டுமா?"

"மாத்தினே, கையை ஒடிச்சிடுவேன்" என்றேன். கோபம் அவள் மேல் இல்லை.

விஷயம் இதுதான். 'இப்ரோ ரிப்போர்ட்ஸ்' என்று ஓர் இதழ். 2016இல் தொடங்கியது. ஒன்பதாவது தொகுதி வரை அந்தப் பெயரில் வந்தது. பத்தாவது தொகுதியிலிருந்து, அதாவது 2021இலிருந்து, 'இப்ரோ நியூரோசயின்ஸ் ரிப்போர்ட்ஸ்'. என் மருமகள் பழைய பெயரில் வந்த கட்டுரைகளில் சிலவற்றையும் புதிய பெயரில் வந்தவற்றில் சிலவற்றையும் எடுத்தாண்டிருக்கிறாள். எந்தக் கட்டுரை எந்தப் பெயரில் அச்சானதோ அந்தப் பெயரையே போட்டிருக்கிறாள். அவள் செய்ததுதான் சரி.

இப்ரோ என்பது சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பின் சுருக்கப் பெயர். பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1958இல் மாஸ்கோவில் மூளை மின்னலைகள் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. இரண்டு முகாம் விஞ்ஞானிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மூளை ஆராய்ச்சிக்கென்று உலக அளவில் ஓர் அமைப்பு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். யுனெஸ்கோவின் ஆதரவோடு 1961இல் அமைப்பு உருவானது. அதன் முதல் செயலர் மாண்ட்ரியலைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஜாஸ்பர். 1976இல் 'நியூரோசயின்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார்கள். அது சந்தா கட்டிப் படிக்கிற இதழாகத்தான் வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கட்டும் என்று நாற்பது வருஷம் கழித்து ஆரம்பித்த தங்கைதான் இந்த ரிப்போர்ட்ஸ். இரண்டையும் வெளியிடுவது எல்சேவியர் நிறுவனம். இப்படிப்பட்ட ஓர் இதழைப் போய் டூப்ளிகேட்டா என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

ஏன் பெயரை மாற்றினார்கள்? என் ஊகத்தைச் சொல்கிறேன், நூலகரின் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 'இப்ரோ ரிப்போர்ட்ஸ்' என்று ஒரு கட்டு என் மேசைக்கு வந்திருந்தால் நான் அதை ஆண்டறிக்கைகள் அடுக்கும் ரேக்கில் வைத்திருப்பேன். கூட்டுறவுச் சங்க அறிக்கை, சுகாதாரத் துறை அறிக்கை, அதற்குப் பக்கத்தில் இப்ரோ அறிக்கை. இப்ரோ என்றால் என்னவென்று தெரிந்தவருக்கு மட்டும்தான் அது மூளை பற்றியது என்று புரியும். நடுவில் நியூரோசயின்ஸ் என்ற ஒரு சொல்லைச் செருகினார்கள், விளங்கிவிட்டது. நோக்கம் மாறவில்லை. மூலக்கூறில் தொடங்கி நடத்தை வரை, ஆய்வுக்கூட எலியில் தொடங்கி ஆஸ்பத்திரி நோயாளி வரை, நரம்பு மண்டலம் பற்றிய எந்த ஆய்வையும் துறை வல்லுநர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்ட பிறகு வெளியிடுவது, வெளியிட்டதை எல்லோருக்கும் திறந்து வைப்பது. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். தொகுதி எண் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்காமல் ஒன்பதுக்கு அடுத்துப் பத்து என்று போனதே, அதே ஆள்தான் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அந்தச் சிவப்பு மைக்காரர் ஒரு நிமிஷம் செலவழித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். எப்படி என்று சொல்கிறேன். உங்கள் வாசகர்களுக்கும் உதவும், கையில் ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

ஒவ்வொரு இதழுக்கும் ஐஎஸ்எஸ்என் என்று எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. நமக்கு ஆதார் எண் மாதிரி. பெயரில் 'அண்ட்' வந்தது, 'தி' போனது என்ற அளவில் மாறினால் பழைய எண்ணே தொடரும். முக்கியமான சொல் ஒன்று புதிதாக நுழைந்தால் புது எண் வாங்க வேண்டும். அதனால்தான் இந்த இதழுக்கு இரண்டு எண். பழைய பெயருக்கு 2451-8301. புதிய பெயருக்கு 2667-2421.

கடைசி இலக்கம் காவல்காரன். முதல் ஏழு இலக்கங்களையும் வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பழைய எண்ணை எடுத்துக்கொள்வோம். ஈரெட்டு 16, நாலேழு 28, ஐயாறு 30, ஓரைந்து 5, எட்டு நாலு 32, மும்மூன்று 9, கடைசியில் பூஜ்யம். கூட்டினால் 120. காவல்கார இலக்கம் 1. அதையும் சேர்த்தால் 121. பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். புதிய எண்ணுக்கும் இதே மாதிரி பண்ணினால் 153 வரும், கடைசி 1 சேர்த்து 154. அதுவும் பதினொன்றால் வகுபடும். எந்த எண்ணிலும் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதிவிட்டால் கணக்கு உதைக்கும். கடைசி இடத்துக்கு 10 தேவைப்பட்டால் என்ன செய்வது என்று கணக்கு வாத்தியார்கள் கேட்பார்கள். அப்போது எக்ஸ் என்ற எழுத்தைப் போடுவார்கள்.

கணக்கு சரியாக வந்தால் மட்டும் இதழ் அசல் என்று ஆகிவிடாது. அசல் இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடி, அதே மாதிரி இணையதளம் போட்டுக் காசு பிடுங்குகிற கும்பல்கள் இருக்கின்றன. அதற்கும் வழி உண்டு. பாரிஸில் இருக்கும் ஐஎஸ்எஸ்என் மையத்தின் தளத்தில் எண்ணைத் தட்டினால், இந்த இதழ் எதன் தொடர்ச்சி, எதுவாகத் தொடர்கிறது என்று இருக்கும். நாங்கள் அட்டையில் கையால் எழுதிவைத்த அதே விஷயம்தான். அப்புறம் இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ என்று ஓர் அடையாள எண் இருக்கிறது அல்லவா, அதன் நடுவில் பாருங்கள். இந்த இதழின் பழைய கட்டுரைகளில் 'ஐபிஆர்ஓஆர்' என்ற எழுத்துகள் இருக்கும், புதியவற்றில் 'ஐபிநியூர்' என்று இருக்கும். 2018ஆம் வருஷத்துக் கட்டுரைக்குப் புதுப் பெயரைப் போட்டால், பெயர் ஒன்று சொல்லும், டிஓஐ வேறொன்று சொல்லும். படிக்கிறவர் எதை நம்புவார்? நான் ஏன் கையை ஒடிப்பேன் என்றேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

பெயர் மாற்றம் ஏதோ இணையம் வந்த பிறகு வந்த தில்லுமுல்லு என்று உங்கள் ஆலோசகர் நினைத்திருக்கலாம். சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன், இதழ்கள் பெயர் மாறுவது, இரண்டாகப் பிரிவது, ஒன்றோடு ஒன்று சேர்வது, நின்றுபோய் மறுபடி முளைப்பது என்று அவற்றின் எல்லாக் கிறுக்குக்கும் சேர்த்து அந்தக் காலத்திலேயே விதிகள் எழுதிவைத்துவிட்டார். அவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டில் ஐஎஸ்எஸ்என் கொடுக்கிற டெல்லி அலுவலகமே இன்ஸ்டாக் என்று இருந்து, 2002இல் நிஸ்கேர் ஆகி, 2021இல் இன்னொன்றோடு சேர்ந்து வேறு பெயருக்குப் போய்விட்டது. அதற்காக அங்கே கொடுத்த எண்ணெல்லாம் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு நன்றாக நினைவில் இருப்பது 2013 ஜனவரி. அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் 'ஆர்க்கைவ்ஸ்' வரிசை இதழ்கள் ஒன்பதையும் ஒரே மாதத்தில் 'ஜாமா' என்று தொடங்கும் பெயர்களுக்கு மாற்றிவிட்டது. ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நியூராலஜி, ஜாமா நியூராலஜி ஆனது. எங்களுக்கு பைண்டிங் செய்துகொடுக்கிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ஆங்கிலம் படிக்க வராது, ஆனால் எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தங்கநிறத்தில் முதுகு அடிப்பதில் ஒரு பிழை வராது. பழைய தொகுதி ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோவார், அதே உயரத்தில் அதே எழுத்தில் அடித்துக்கொண்டு வருவார். அந்த வருஷம் மாதிரிக்கும் புதுசுக்கும் பெயர் ஒத்துப்போகவில்லை என்று கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

"எம்மா, வேற புஸ்தகத்தை மாத்திக் குடுத்துட்டீயளா?"

இல்லை அண்ணாச்சி, பெயர் மாறிவிட்டது, 69 வரைக்கும் பழைய பெயர், 70இலிருந்து புதுப் பெயர், எண் மட்டும் தொடரும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரே சொன்னார், ரெக்ஸின் நிறத்தை மாற்ற வேண்டாம், அதே மெரூன் போடுகிறேன், ஒரே குடும்பம் என்று பார்த்தவுடன் தெரியும் என்று. 69ஆம் தொகுதியின் உள்ளட்டையில் 'இதற்குப் பின் இன்ன பெயர்' என்றும், 70இன் உள்ளட்டையில் 'இதற்கு முன் இன்ன பெயர்' என்றும் நான் ஒரு சீட்டு ஒட்டினேன். ஆர்க்கைவ்ஸைத் தேடி வருகிற டாக்டர் ஜாமாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். அந்தச் சீட்டு ஒட்டுகிற வேலையைத்தான் இன்று பல இடங்களில் யாரும் செய்வதில்லை. பட்டியலில் புதுப் பெயர் மட்டும் இருக்கும், பழசுக்கு ஒரு வரி இருக்காது. பிறகு பழசைப் பார்த்தால் போலி என்று தோன்றத்தானே செய்யும்.

பெயரோடு நோக்கமும் மாறுவது உண்டு. ஜெர்மனியில் பிறந்த பழைய உடற்கூறு இதழ் ஒன்று, 'அனாட்டமி அண்ட் எம்பிரியாலஜி' என்ற பெயரில் வந்துகொண்டிருந்தது, 2007இல் 'பிரெயின் ஸ்ட்ரக்சர் அண்ட் ஃபங்ஷன்' ஆகி முழுக்க மூளைக்கே போய்விட்டது. அங்கே பெயர் மாறியதைக் கவனிக்காமல் பழைய ஞாபகத்தில் சிறுநீரகம் பற்றிய கட்டுரையை அனுப்பினால் திரும்பித்தான் வரும். ஆக, பெயர் மாறினால் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். தவிர்க்க வேண்டும் என்று சொன்னால் எப்படி?

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. அதுவும் மூளை ஆராய்ச்சி இதழ்தான். உங்கள் ஆலோசகரின் ஐந்தாவது யோசனையை அது தலைகீழாகக் கவிழ்த்துவிடும்.

'நியூரோஇமேஜ்' என்று எல்சேவியரின் இன்னோர் இதழ். 1992இலிருந்து வருகிறது. மூளையை ஸ்கேன் எடுத்து ஆராய்கிறவர்களிடையே பெரிய மதிப்புள்ளது. 2020இல் முழுக்கத் திறந்த இதழாக மாறியது. படிக்கிறவருக்கு இலவசம், கட்டுரையாளர் கட்டணம் கட்ட வேண்டும். 2023இல் அந்தக் கட்டணம் 3,450 டாலர். இது ரொம்ப அதிகம், 2,000 டாலருக்குக் கீழே கொண்டுவாருங்கள் என்று இதழின் ஆசிரியர் குழுவே நிறுவனத்திடம் கேட்டது. எங்கள் தரத்துக்கு இது சந்தை விலையைவிடக் குறைவுதான் என்று நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில், தலைமை ஆசிரியரான ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்டீஃபன் ஸ்மித் உட்பட 40க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்துவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. எம்ஐடி பிரஸ் என்ற பல்கலைக்கழகப் பதிப்பகத்தோடு சேர்ந்து, லாப நோக்கம் இல்லாமல் 'இமேஜிங் நியூரோசயின்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார்கள். தொடங்கியபோது கட்டணம் 1,600 டாலர்.

பழைய இதழ் நின்றுவிடவில்லை. நிறுவனம் புதிய ஆசிரியர்களைப் போட்டு அதே பெயரில் நடத்துகிறது. பெயர் அவர்கள் சொத்து. ஐஎஸ்எஸ்என்னும் அதேதான், பெருக்கிக் கூட்டினால் கணக்கும் சரியாகவே வரும். ஆனால் 2022இல் அந்த மேசையில் உட்கார்ந்து கட்டுரைகளைச் சலித்தவர்கள் இப்போது வேறு பெயரில் வேறு மேசையில். என் கார்டெக்ஸ் அட்டையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். 'தொடர்ச்சி' என்று எழுத முடியாது, சட்டப்படி அது தொடர்ச்சி இல்லை. ஒன்றும் எழுதாமல் விடவும் மனசு வராது. ஊரில் ஓட்டல் விஷயத்தில் இதைப் பார்த்திருக்கிறோம். போர்டு அப்படியே இருக்கும், மாஸ்டர் எதிர்க்கடைக்குப் போயிருப்பார். சாம்பாரை வாயில் வைத்த பிறகுதான் தெரியும்.

'பெயர் மாறாத இதழை நம்பு' என்பது ஆலோசகரின் சூத்திரம். அதன்படி பார்த்தால் இப்ரோவின் இதழைத் தள்ளிவிட வேண்டும், இமேஜிங் நியூரோசயின்ஸை நேற்று முளைத்தது என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டும் அநியாயம். ஒன்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. இன்னொன்றில் பழைய ஆட்களே பழைய நோக்கத்தோடு புதுப் பெயரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பணம் பற்றிய ஆறாவது யோசனைக்கு வருகிறேன். இதில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால் முழுக்கத் தப்பு என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஓபன் ஆக்சஸ் என்பதைத் திறந்த அணுக்கம் என்று இப்போது எழுதுகிறார்கள். படிப்பவருக்குக் கதவு திறந்திருக்கிறது, செலவு எங்கேயோ இருந்து வர வேண்டும். பெரும்பாலான பெரிய இதழ்களில் கட்டுரையாளரின் தலையில் விழுகிறது. ஆகவே பணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலி ஆகாது. ஆனால் எவ்வளவு கேட்கிறார்கள் என்று நிச்சயம் பார்க்க வேண்டும். 2023இல் டாலர் 82 ரூபாய் என்று வைத்தால், 3,450 டாலர் என்பது 2 லட்சத்து 82 ஆயிரத்துச் சொச்சம். அதே வருஷம் நம் நாட்டில் ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ ஒருவருக்கு மாத உதவித்தொகை 37,000 ரூபாய். ஏழரை மாதம் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் இருந்தால் ஒரு கட்டுரை. 1,600 டாலர் என்றாலும் மூன்றரை மாதம். குறைத்தார்கள், சரி, ஆனால் குறைச்சல் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்ரோவின் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. இதழ்களிலிருந்து அமைப்புக்கு வருகிற வருமானம் இளம் ஆய்வாளர்களுக்கான பயிற்சிப் பள்ளிகளுக்கும் உதவித்தொகைக்கும் போகிறது. வசதி குறைந்த நாடுகளின் மாணவர்கள் அதில் பயன் பெறுகிறார்கள். ஆனாலும் கட்டணம் கட்டணம்தான்.

கட்டணமே வாங்காத இதழ்களும் உண்டு என்பதை ஆலோசகர் சொல்லியிருந்தால் மாணவர்களுக்குப் புண்ணியமாக இருந்திருக்கும். பெங்களூரின் இந்திய அறிவியல் அகாதமி வெளியிடும் இதழ்களைப் பாருங்கள். எழுதுகிறவரும் காசு கட்ட வேண்டாம், படிக்கிறவரும் கட்ட வேண்டாம். அகாதமியின் தளத்தில் எல்லாம் கிடைக்கிறது. சென்னையில் இருந்தபடி சுப்பையா அருணாசலம் போன்றவர்கள் பல வருஷம் வாதாடியது இதற்காகத்தான்.

திறந்த இதழ் என்றால் ஏன் இவ்வளவு உருகுகிறேன் என்று கேட்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இல்லாத கட்டுரை வேண்டும் என்றால், அச்சடித்த தபால் அட்டை ஒன்று உண்டு. 'தங்கள் இன்ன கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பி உதவவும்' என்று. டாக்டர் கையெழுத்துப் போடுவார், நான் வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டுவேன். அமெரிக்காவில் அந்தப் பேராசிரியருக்கு மனசு இருந்தால் மூன்று மாதத்தில் உறை வரும். வந்தால் வெளிநாட்டு ஸ்டாம்புக்காக ஆபீஸ் பையன்கள் சண்டை போடுவார்கள். வராவிட்டால் அவ்வளவுதான். பிறகு டாலர் ஏற ஏற, சந்தா நிறுத்த வேண்டிய இதழ்களின் பட்டியலை வருஷா வருஷம் தயாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. துறைத் தலைவர்கள் ஒவ்வொருவரும் தன் இதழை விட்டுவிட்டு அடுத்தவர் இதழை நிறுத்தச் சொல்வார்கள். ஒரு தடவை கண் மருத்துவத்துக்கும் எலும்பு மருத்துவத்துக்கும் ஒரு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை.

இன்று 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மத்திய அரசு மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை 2025 ஜனவரியிலிருந்து திறந்துவிட்டிருக்கிறது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. என் மருமகள் பாடம் எடுப்பது சுயநிதிக் கல்லூரியில். அவளுக்கு அந்தக் கதவு சாத்தியேதான் இருக்கிறது. ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு அவள் உட்கார்ந்து படிப்பது எல்லாம் இப்ரோ மாதிரியான திறந்த இதழ்களில் வந்தவையும், பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைப்பவையும்தான். அந்தக் கட்டுரைகளைப் பார்த்துத்தான் ஒருவர் சிவப்பு மையால் வட்டம் போட்டு 'டூப்ளிகேட்' என்கிறார். உங்கள் இணைப்பிதழும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. அவர் உங்கள் இணைப்பிதழைப் படித்துவிட்டுப் போட்டாரோ என்னவோ, தேதி ஒத்துப்போகவில்லை, அதனால் அந்தப் பழியை உங்கள் மேல் போடவில்லை.

அவள் பட்டியலைத் தொடவில்லை. ஐஎஸ்எஸ்என் தளத்தில் இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று காட்டுகிற பக்கங்களை அச்செடுத்து, கூடவே இரண்டு வரி விளக்கம் எழுதி, வரைவை மறுபடி அனுப்பியிருக்கிறாள். பதினொன்றால் வகுக்கிற கணக்கையும் சேர்த்துவிடு என்றேன். "அத்தை, அவங்க இன்னும் கோவப்படுவாங்க" என்று விட்டுவிட்டாள். இதை எழுதுகிற வரையில் பதில் வரவில்லை.

ஐந்தாவது யோசனைக்குத் திருத்தம் ஒன்று போடுங்கள். 'பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் தேடிப் பார்க்கவும். பழைய கட்டுரையைப் பழைய பெயரிலேயே குறிப்பிடவும்' என்று இரண்டு வரி போதும். ஆறாவதில் 'பணம் கேட்டால்' என்பதற்குப் பதில் 'தகுந்த பரிசீலனை இல்லாமல் பணம் மட்டும் கேட்டால்' என்று இருக்கட்டும். கடிதம் நீளம், தெரியும். அண்ணாச்சி கதையை வேண்டுமானால் நறுக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இரண்டு எண்களையும் அச்சிடும்போது கவனம். ஓர் இலக்கம் மாறினாலும் பதினொன்றால் வகுபடாது. நான் காலையில் காபியோடு பென்சிலும் வைத்துக்கொண்டுதான் உங்கள் நாளிதழைப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர்,
பாளையங்கோட்டை.